சாமியிடம் கேள்வி கேட்பவர் யார்?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு நாவலுக்கான சந்தேகம். நீங்கள் எழுதிவரும் கற்பனை உலகத்தில் வெண்களர் என்று ஓர் எல்லை நாடு. பேரரசின் வரிக்கும் சேனைக்கும் தப்பி ஓடிவந்தவர்கள் அங்கே உப்புக் காய்ச்சியும் எருமை மேய்த்தும் பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கோயில் இல்லை, நூல் இல்லை, குருபீடம் இல்லை. பௌர்ணமி இரவில் முழவு கொட்டினால் ‘இறங்கி’ என்ற தெய்வம் யார் மேலாவது வந்து இறங்கும். இறங்கப்பெற்றவர் சொல்வதே அன்றைக்கு வேதம். படித்துப் பார்த்த நண்பர்கள் இருவர் ஆளுக்கொரு குறை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு மதம் இரண்டு தலைமுறையில் கலைந்துபோகும் என்கிறார் ஒருவர். கலையாது, யாராவது ஒரு கெட்டிக்காரன் தலைவனாகிவிடுவான் என்கிறார் மற்றவர். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: யார் மேல் வேண்டுமானாலும் சாமி வரலாம் என்றால், நாளைக்கு ஒருவன் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லும்போது அவனைத் தடுப்பது எது?

இதில் வாய் திறக்க எனக்கு இரண்டு தகுதி உண்டு. என் அப்பா பம்பைக்காரர்; அம்மன் விழாக்களில் பம்பை என்ற முழவைக் கொட்டிப் பாடிச் சாமியை அழைப்பவர். கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடி மாதம் முழுக்க அவருக்கு வீடு தங்க நேரமிருக்காது. பத்து வயதிலிருந்து உடுக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான். பிறகு படித்து, கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் நடத்தி, ஓய்வுபெற்று இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நான் கண்ணால் பார்த்தது கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரம் மட்டுமே. தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் இதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொன்னால் அவரையும் நம்புங்கள். பார்த்தது, படித்தது, என் ஊகம் என்று மூன்று வகை இதில் கலந்து வரும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். உங்கள் முதல் அத்தியாயத்தில் முழவு கொட்டியதும் கூட்டம் மொத்தமும் தன்னை மறக்கிறது. விழுகிறார்கள், எழுகிறார்கள், கூவுகிறார்கள். எங்கள் பக்கத்துச் செடல் உற்சவத்தை, அதாவது அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தும் அம்மன் திருவிழாவை, முதன்முறையாகப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கும் அப்படித்தான் தோன்றும். காப்புக் கட்டிய நாளிலிருந்து கூடவே இருந்து பார்த்தால் தெரியும், அருள் வருவதைப் போல் கட்டுக்கோப்பான காரியம் ஊரில் வேறொன்று இல்லை. கரகம் யார் எடுப்பது, எந்த வீட்டு வாசலில் நிற்பது, எந்தத் தெருமுனையில் பம்பையின் அடி மாற வேண்டும், எந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு உடுக்கையை மட்டும் ஓடவிட வேண்டும் என்பதெல்லாம் முடிவான விஷயங்கள். சாமியை அழைக்கும் பாட்டுக்கு வர்ணிப்பு என்று பெயர். அம்மன் எங்கே பிறந்தாள், எந்த வழியாக வந்தாள், எங்கெங்கே இளைப்பாறினாள் என்று வழி சொல்லிக்கொண்டே போகும். அப்பா பாடும்போது ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வரும். கெடிலம் ஆறு வரும், கெடிலத்தைத் தாண்டினால் ஏரிக்கரை வரும், ஏரிக்கரை வேப்பமரம் வரும். அந்த வேப்பமரத்து அடியில்தான் சாமி வர வேண்டும். அதற்கு முன்னாலேயே எவனாவது ஆடத் தொடங்கினால் கிழவிகள் முகத்தைச் சுளிப்பார்கள். “அவள் இன்னும் ஆற்றையே தாண்டவில்லை, இவனுக்குள் எப்படி வந்தாளாம்?” என்று ஒரு பாட்டி கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

வந்த பிறகும் விட மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து, கையில் திருநீற்றுத் தட்டோடு, “யார் வந்திருக்கிறது?” என்று கேட்பார். பெயர் சொல்ல வேண்டும். எங்கிருந்து வருகிறாய், என்ன குறை, என்ன கேட்கிறாய் என்று அடுத்தடுத்து வரும். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றச் சொல்வதுண்டு. வந்திருப்பது சாமியா, செத்துப்போனவர் யாராவதா, வெறும் கள்ளா என்பது அந்தக் கேள்விகளில்தான் தீர்மானமாகும். மேல்மலையனூர்ப் பக்கம் பேய் ஓட்டும் பம்பைக்காரர்கள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். வாயிலிருந்து பெயரை வரவழைக்கும்வரை அடி ஓயாது.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆடி வெள்ளி இரவு, ஒருவர் மேல் முனீசுவரன் வந்தார். நாற்பது வயது மனிதர், நல்ல உடம்பு, ஆட்டம் பார்க்கப் பயமாகவே இருந்தது. பெரியவர் குறை என்ன என்று கேட்டார். குளத்தை ஒட்டிய மேட்டுத் துண்டு தன்னுடைய இடம், அதில் வேறு யாரும் ஏர் பூட்டக் கூடாது என்றார் முனீசுவரன். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எந்தத் துண்டு என்று பெரியவர் நிதானமாகக் கேட்டார். முனீசுவரன் ஆடிக்கொண்டே சர்வே எண்ணைச் சொன்னார், உட்பிரிவோடு. அண்ணனோடு அவருக்கு அந்த நிலத்தில் வழக்கு இருந்தது ஊருக்கே தெரியும். ஒரு நொடி அமைதி. பிறகு பின்வரிசையில் ஒரு பெண், “சாமிக்கு எதற்கடா சர்வே எண்?” என்றாள். சிரிப்பு கிளம்பியது. அப்பா பம்பையை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அடி நின்றதும் முனீசுவரன் இன்னும் இரண்டு சுற்று ஆடிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த ஆண்டு அவர் தீ மிதித்தார். ஆனால் அவர் மேல் சாமி வந்தால் அதன்பிறகு யாரும் வாக்குக் கேட்கப் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தச் சம்பவத்திலேயே முழுதாக இருக்கிறது. தலைமை இல்லாத மதத்தைத் தாங்குவது ஆடுபவர் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். தாங்குவது கேட்பவரும் கொட்டுபவரும் பின்வரிசையில் நின்று சிரிப்பவளும். உங்கள் வெண்களரில் இறங்கி யார் மேல் வருகிறது என்பதை நுணுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். இறங்கியிடம் “நீ யார்?” என்று கேட்கும் உரிமை யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஆளை எழுதுங்கள். அவர் வந்துவிட்டால் உங்கள் நண்பர்கள் எழுப்பிய இரண்டு சந்தேகத்திலும் பாதி அடங்கிவிடும்.

இது எங்கள் வட்டாரத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். சங்கப் பாடல்களில் குறிஞ்சித் திணையில் வேலன் வெறியாட்டு என்று ஒரு துறையே இருக்கிறது. பெண் மெலிந்துபோகிறாள், முருகு அணங்கிற்று, அதாவது முருகன் பிடித்துக்கொண்டான், என்று தாய் பயந்து பூசாரியான வேலனை அழைக்கிறாள், அவன் கழங்குக் காய்களை வைத்துக் குறி பார்த்து, ஆட்டை அறுத்து, களத்தில் ஆடுகிறான். தோழிக்கு மட்டும் தெரியும் இது காதல் நோய் என்று. ஒரு பாடலில் அவள் முருகனையே பார்த்து, நீ கடவுளாகவே இருந்தாலும் சரியான அறியாதவன் என்று சொல்லிவிடுகிறாள். சாமியாட்டம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும். நம்புகிற கூட்டத்துக்குள்ளேதான் அந்தச் சந்தேகமும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் வெண்களர் மக்கள் எல்லோரும் ஒரே அளவாக நம்புகிறார்கள். அதனால்தான் அவர்கள் பொம்மைகள் மாதிரி தெரிகிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, பரவல். கோயிலும் நூலும் இல்லாமல் ஒரு தெய்வம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போகும்? எங்களிடம் இதற்குப் பிடிமண் என்று ஒரு வழி உண்டு. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகும் குடும்பம் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துப்போகும். போன இடத்தில் மரத்தடியில் அதைக் கொட்டிக் கல் நட்டால் அது கோயில். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மூலக் கோயிலுக்குப் புதுக் கோயில் கப்பம் கட்டுவதும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பழைய இடத்துக்கு வந்து போக வேண்டும் என்ற கடமை மட்டும் நூல்போல் தொங்கிக்கொண்டிருக்கும். இதைவிடக் கச்சிதமான எல்லைநாட்டு ஏற்பாட்டை நான் எங்கும் படித்ததில்லை. உங்கள் களர் நிலத்தில் மண்ணுக்குப் பதில் உப்பு இருக்கட்டும். பழைய பாத்தியின் ஒரு பிடி உப்பைப் புதுப் பாத்தியில் கரைத்தால் இறங்கி அங்கே வரத் தொடங்கும் என்று வையுங்கள்.

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது. சிங்கப்பூரில் நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் போனவர்கள் கட்டியது. மரமும் கீற்றுமாகத் தொடங்கிய இடம். இன்றும் அங்கே ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. இன்னொரு திசையில், 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூலிகளை ஏற்றினார்கள். முதல் கப்பல் 1853 மே மாதம் கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவை அடைந்தது. அந்தத் தீவுகளில் மாரியம்மன் ‘மாலியேமன்’ ஆனாள், மதுரைவீரன் ‘மால்தேவிதான்’ ஆனார். மாலுமிகளைக் காக்கும் நாகூர் ஆண்டவர் கப்பலிலேயே கூட வந்து, ‘நாகூர் மீரா’ என்று கொடிமரத்தோடு அம்மனுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். ஊரில் இருந்த வேலியெல்லாம் கடலில் கரைந்துபோயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. மார்த்தினிக்கில் அருள் வந்தவர், இருவர் பிடித்துக்கொண்டிருக்கும் வெட்டுக்கத்தியின் கூர்மேல் ஏறி நின்று வாக்குச் சொல்வார். அவர் சொல்வது தமிழ் என்று எல்லோரும் மதிக்கும் ஒரு மொழி. தலைமுறைகள் கடந்ததால் கூட்டத்தில் பலருக்கும் அது புரியாது. பக்கத்தில் ஒருவர் நின்று அதைத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லுவார். கோயிலையும் நூலையும் ஊரையும் மொழியையும்கூட இழந்தவர்கள், கேட்டுச் சொல்லும் அந்த ஒரு ஆளை மட்டும் இழக்கவில்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆள் இல்லையென்றால் மற்றதெல்லாம் நின்றிருக்காது என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

தெய்வம் யார் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உங்கள் இறங்கி வானத்திலிருந்து வருகிறது. எல்லைநாட்டில் தெய்வம் பெரும்பாலும் தரையிலிருந்துதான் வரும். எல்லைச்சாமி என்று நாம் சொல்லும் தெய்வங்களின் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆநிரை மீட்கப்போய்ச் செத்தவன், ஏரிக்கரையைக் காக்க வெட்டுப்பட்டவன், பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவள். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தால் ஒரு வீரன், கையில் வில்லோ வாளோ, காலடியில் மாடு, ஒன்றிரண்டில் நாய்கூட இருக்கும். காவல் செய்த மனிதனே கல்லாகிக் காவலைத் தொடர்கிறான். புதிதாகக் குடியேறிய நிலத்தில் முதலில் விளைவது பிணம்தான். முதல் தலைமுறையில் காய்ச்சலிலும் சண்டையிலும் போனவர்களுக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வெண்களரில் இறங்கி பொதுவான ஒரு சக்தியாக இல்லாமல், ஒவ்வொரு பாத்தியிலும் அங்கே செத்த முதல் ஆளின் குரலோடு வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒரே தெய்வம், ஊருக்கொரு குரல். நாடு முழுக்க ஒரே இறங்கியா, ஆயிரம் இறங்கியா என்ற வழக்கு ஒருநாளும் தீராது. அது தீராமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

முதல் நண்பர் சொன்னதை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. கலைந்துபோனவை உண்டு. 1801 ஆகஸ்டில் அமெரிக்காவின் கென்டக்கி எல்லைப்புறத்தில் கேன் ரிட்ஜ் என்ற இடத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினார்கள். கிறிஸ்தவக் கூட்டம்தான். ஆனால் விழுவதும் உடல் வெட்டி வெட்டி இழுப்பதும் நாய்போல் குரைப்பதும் நடந்ததாகப் பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த உணர்ச்சி வெள்ளத்தில் பழைய சபைகள் உடைந்து புதியவை கிளைத்தன. யார் நிலைத்தார்கள் என்று பார்த்தால், குதிரையேறிக் காடு மலை சுற்றி, போன ஊரிலெல்லாம் உள்ளூர் ஆள் ஒருவரிடம் சிறு குழுவை ஒப்படைத்துவிட்டு வந்த மெத்தடிஸ்டுப் போதகர்கள் நன்றாகவே நிலைத்தார்கள். ஒரு இரவின் ஆவேசத்தை மறுநாள் காலையில் யாரோ ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மூரிலும் 1860இல் திருநெல்வேலிப் பக்கம் அருளப்பன் என்ற போதகரின் சபையில் இதேபோன்ற எழுச்சி ஒன்று கிளம்பியது. இவையெல்லாம் நான் படித்தவை, பார்த்தவை அல்ல.

இன்னொரு உதாரணம் கொஞ்சம் கனமானது. 1889 ஜனவரி முதல் நாள், சூரிய கிரகணத்தின்போது நெவாடாவில் வோவோகா என்ற பையூட் பழங்குடி மனிதருக்குக் காட்சி ஒன்று கிடைத்தது. சண்டை வேண்டாம், இந்த நடனத்தை ஆடுங்கள், இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்றார். பல இனங்களிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்து கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். திரும்பிய ஒவ்வொருவரும் தம் மக்களின் துயரத்துக்கு ஏற்றபடி அதைச் சொன்னார்கள். லகோட்டா மக்களிடம் போனபோது, குண்டு துளைக்காத சட்டை என்ற நம்பிக்கை அதில் சேர்ந்துகொண்டது. 1890 டிசம்பர் 29இல் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் சுட்டது; பெண்களும் குழந்தைகளுமாகக் கொன்று குவித்தது. அந்த நடனத்தைக் கண்டு அரசு மிரண்டதுதான் அதற்கு முந்தைய மாதங்களின் கதை. தலையில்லாத மதத்தைப் பேரரசு எப்படிப் பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. பிடித்துப் பேச ஆள் இல்லாதபோது அதிகாரம் கூட்டம் மொத்தத்தையும் குறிவைக்கிறது. உங்கள் மூன்றாம் பாகத்தில் பேரரசின் தூதன் வந்து “உங்கள் தலைமைக் குரு யார்?” என்று கேட்கும் இடத்தை நகைச்சுவையாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சிரிப்போடு விட்டுவிடாதீர்கள்.

தலைவன் உருவாகாமல் பல ஊர்கள் எப்படி ஒன்றுகூடும் என்றும் கேட்டிருந்தீர்கள். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்கோ ஒரு நடை போய்ப் பாருங்கள். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் தோளிலும் வந்து சேர்ந்திருக்கும். சக்கரம் மணலில் புதையும், பத்துப் பேர் தள்ளுவார்கள். யார் முன்னால் போவது என்று சின்னச் சச்சரவு வரும். அத்தனை சாமிகளையும் ஒரே நாளில் அந்த மணலுக்கு வரச் சொன்னது யார்? மாசி மாதத்து மக நட்சத்திரம் மட்டும்தான். பஞ்சாங்கத்தைவிடச் சிக்கனமான ராஜா கிடையாது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கிள்ளைக் கடலுக்குப் போகும் வழியில் முஸ்லிம்கள் வரவேற்பு கொடுப்பதும் அதே நாளின் மரியாதைதான். வெண்களருக்கு ஏதாவது ஒரு நாளைக் கொடுங்கள். பெரிய வெள்ளம் வடியும் நாளோ, முதல் உப்பு பூக்கும் நாளோ, எதுவானாலும் எல்லோர் கண்ணுக்கும் தானாகத் தெரிவதாக இருக்க வேண்டும்.

இனி இரண்டாம் நண்பர். கெட்டிக்காரன் வருவான் என்பதில் அவர் சொல்வது சரி. அவன் ஆடுகளத்திலிருந்து வருவான் என்று எதிர்பார்த்தால் தவறு. எங்கள் ஊர்களில் திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். யாரிடம் வரி வாங்குகிறார்களோ அவர்கள் ஊரைச் சேர்ந்தவர்கள்; யாரிடம் வாங்க மறுக்கிறார்களோ அவர்கள் ஊருக்கு வெளியே. அந்த நோட்டை வைத்திருப்பவர் மேல் சாமி வந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்குத் தேவையும் இல்லை. உங்கள் கதையில் பொது உப்புக் கிடங்கின் சாவியை வைத்திருப்பவர் ஒருவர் இரண்டே இரண்டு இடத்தில் வந்துபோகிறார், ஞாபகம் இருக்கிறதா? ஆபத்து அவர்தான்.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். பறை இல்லாமல் சாமி புறப்படாது, பறை அடிப்பவர் படிதாண்டி வரக் கூடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன ஊர்களில் நான் உடுக்கை அடித்திருக்கிறேன். பேரரசை விட்டு ஓடிவந்தவர்கள் அதன் மேல்கீழையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிமண்ணில் அதுவும் சேர்ந்தேதான் வரும். வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள் அம்மனாக வந்து மாமியாரை அதட்டுவாள், ஒடுக்கப்பட்டவர்களின் குரல் அருளாக வெளிப்படுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதில் பாதியைத்தான் நம்புகிறேன். மறுநாள் காலை அதே மருமகள் அதே அடுப்படியில் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நூல் இல்லாத மதம் நிலைக்குமா என்ற கேள்விக்கு நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யுனெஸ்கோவே அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. அதே புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் எந்தச் சுவடியிலும் இல்லாத முறையில் கூழ் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நூலைவிட அடுப்பு நின்று எரியும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. 1872இல் அவர் தொடங்கிய ஞானசபைக்குள் எந்த முறையில் வழிபடுவது என்பது பின்னாளில் நீதிமன்றம் வரை போனது. சோறு போடுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை. அவர் வழி ஆவேச வழி இல்லைதான், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது. இறங்கி வந்து போன இரவில் உங்கள் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

இறங்கி உண்மையிலேயே இருக்கிறதா என்பதைக் கதையில் வெளிப்படையாகச் சொல்லலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எழுதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும், கேள்வி கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். எனக்கே இது தெளிவான விஷயமில்லை. சர்வே எண் சொன்ன முனீசுவரனையும் பார்த்தேன். அதே களத்தில் இன்னொரு ஆண்டு, நாள் முழுக்கப் பட்டினியிருந்த ஒரு கிழவி மேல் அம்மன் வந்தபோது, அப்பாவின் கை தானாக வேகமெடுத்ததையும் பார்த்தேன். ஆடி முடித்ததும் அவள் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, “நான் என்ன சொன்னேன்?” என்று என்னிடம் கேட்டாள். நான் சிறுவன், சொல்லத் தெரியவில்லை. கேட்ட பெரியவர்தான் அவளுக்கு அதைச் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. அவள் வேறு யாரோ சொன்ன செய்தியைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

சின்னத் திருத்தம் ஒன்று. உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் முழவு பொழுது சாயும்போது தொடங்கி விடியும்வரை ஓயாமல் ஒலிக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் நிலத்தில் தோல் அப்படித் தாங்காது. பனி இறங்கினால் தளர்ந்து, சத்தம் பொத்தென்று விழும். பறை அடிப்பவர்கள் நடுநடுவே வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். தோலை விரலால் சுண்டிப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும் என்பது, பீடி பற்றவைப்பது என்று கால்மணி நேரம் ஓடும். ஆட்டம் நின்றிருக்கும். கூட்டம் அந்தச் சிறு தீயைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். சற்றுமுன் வந்தது சாமிதானா, அவன் குடித்திருந்தானா, போன ஆண்டு சொன்னது பலித்ததா என்று மெல்லப் பேச்சு தொடங்குவது அப்போதுதான். உங்கள் அத்தியாயத்தில் அந்தக் கால்மணி நேரம் விடுபட்டிருக்கிறது.